‘சின்னக் குழல்தானே, சாமி!’

ஆயுத பூசை நாள்களில் பங்கு மக்கள் தத்தம் வாகனங்களைக் கழுவித் துடைத்து, பூமாலை சாத்தி, மந்திரிப்புக்காகக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது காவிரிக் கடைமடையில் புதிய வழக்கமன்று. அதனை மே முதல் நாளுக்கு, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளுக்கு, மாற்றிவிட்டால் நலமென்று கருதும் குருக்களில் நாமும் ஒருவரே. எனினும் வந்து நிற்பவர்களைத் திருப்பியனுப்ப நமக்கு மனம் வந்ததில்லை. டிராக்டரும் வரும், மீன் ஏற்றும் வேனும் வரும், பள்ளிப் பிள்ளையின் மிதிவண்டியும் வரும். உழைப்புக்குத் துணைநிற்கும் எப்பொருளுக்கும் திருச்சபையின் ஆசி உண்டு.

சென்ற ஆண்டு அவ்வரிசையில் ஒரு புதிய காரும் நின்றது. திருக்கடையூரை அடுத்த நம் ஊரில் நன்செய் உடையவர். கோயில் கொடிமரத்துக்குக் கொடை அளித்தவர். நம்மிடம் மிகுந்த அன்புள்ளவர். காரின் பின்னிருக்கையில் போர்வையால் சுற்றியிருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். கருநிறம், மேலே கைப்பிடி, கீழே தோட்டாப் பெட்டி. திரைப்படங்களிலும் செய்திப் படங்களிலும் நாம் காணும் அமெரிக்க இராணுவத்தின் எம்-16 துப்பாக்கியேதான் என்று எவரும் சொல்வர். பிள்ளைகள் மிதிவண்டிகளை விட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டனர்.

“சின்னக் குழல்தானே, சாமி! பாயிண்ட் ட்வென்டி டூ. அசல் இல்லை, அதைப் போலச் செய்தது. பழசு, ஒருவரிடம் விலைக்கு வந்தது. உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்துவிடுங்கள்” என்றார்.

நாம் மறுத்தோம். அவரும் சினந்து, காரையும் மந்திரிக்க விடாமல் ஓட்டிச் சென்றுவிட்டார். கொடையாளர் ஒருவரைப் பங்குச் சாமியார் பலர் முன்னிலையில் அவமதித்தார் என்ற பேச்சு அன்றிலிருந்து ஊரில் உலவுகிறது. பூசை மேடையிலிருந்து விடை சொல்வது முறையன்று என்பதால் இவ்விதழின் வழியே சொல்கிறோம்.

அவருக்கு உரியதை முதலில் அவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் குற்றவாளி அல்லர். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 21 வயது நிறைந்தவர் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்க இடமளிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு மூன்று இருக்கலாம். உரிமம் உள்ளவர் மற்றோர் உரிமக்காரருக்கு விற்பதாயின், மாவட்ட நடுவருக்கோ (மாஜிஸ்திரேட்) காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். இவையனைத்தும் நிறைவேறின என்றே நம்புகிறோம். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவில் நின்றுபோனதால், அதற்கு முன் வந்தவையே இன்றும் கைமாறிக் கைமாறி விலையேறுகின்றன. அன்பர் வாங்கியதும் அத்தகையது. சட்டத்தின் வாசலில் அவரை நிறுத்த நமக்கு விருப்பமில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் உரிமையுண்டு, ஆயினும் எல்லாம் நன்மை பயப்பதில்லை என்று புனித சின்னப்பர் கொரிந்தியர்க்கு உணர்த்திய இடத்தில்தான் நம் வழக்குத் தொடங்குகிறது.

அவர் எதை விலைக்கு வாங்கினார்? பயிரைக் காக்கவா? அதற்குத் தந்தை விட்டுச்சென்ற இரட்டைக்குழல் வீட்டில் இருக்கிறது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கா? அதற்கென மர உடலோடு அமைந்த எளிய துப்பாக்கிகள் உண்டு. அவை போட்டிக்கும் உகந்தவை. அவர் பணம் கொடுத்தது வடிவத்துக்கு. வடிவமே இங்கு விற்பனைச் சரக்கு என்பது நம் ஊகமன்று. இத்தாலியின் ஆர்மி யேகர் நிறுவனம் எம்-16 வடிவிலும் ஏ.கே-47 வடிவிலும் சிறுகுழல் துப்பாக்கிகளைச் செய்து விற்றது. ஜெர்மானிய நிறுவனம் ஒன்று, ஹெக்லர்-கோக் நிறுவனத்தின் புகழ்பெற்ற எம்.பி-5 துணை இயந்திரத் துப்பாக்கியின் தோற்றத்தில் சிறுகுழல் துப்பாக்கி செய்தபோது, ஹெக்லர்-கோக் 2009-இல் நீதிமன்றம் ஏறியது. உள்ளிருக்கும் பொறி வேறு, தோட்டா வேறு. வழக்கோ தோற்றத்தைப் பற்றியது. வேறு சில நிறுவனங்கள் வடிவத்தை இரவல் பெறுவதற்காகவே உரிமைத்தொகை கட்டுகின்றன. போரைப் போல் தோன்றுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத்தான் நம் அன்பர் செலுத்தினார்.

‘சின்னக் குழல்’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்ப்போம். 0.22 அங்குலம் என்பது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அசல் எம்-16, நம் நாட்டுப் படையின் இன்சாஸ் ஆகியவற்றின் குழல் 5.56 மில்லிமீட்டர். துளையைப் பொறுத்தவரை சின்னதுமில்லை, பெரியதுமில்லை. வேறுபாடு தோட்டாவின் நீளத்திலும், அதற்குள் அடைத்த மருந்திலும், குண்டின் வேகத்திலும் உள்ளது. வேகம் குறைந்த அந்தக் குண்டு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு 1968 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறோம். கத்தோலிக்கரான ராபர்ட் கென்னடியைக் கொன்றது .22 கைத்துப்பாக்கி. 1981 மார்ச் 30-இல் அதிபர் ரீகனின் நுரையீரலைத் துளைத்ததும் .22 தான். மலையோ குன்றோ இல்லாத நெல்வயல் நாடு நம்முடையது. குறி தவறிய .22 குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லக்கூடியது. அது எந்த வரப்பில் போய் விழும், அந்த வரப்பில் யார் குனிந்து நாற்று நடுகிறார் என்பதைச் சுடுபவர் அறியார்.

நம்மையும் ஒளித்துக்கொள்வது நேர்மையாகாது. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் நாமும் இருந்தோம். கையில் கொடுத்தது .22 பயிற்சித் துப்பாக்கி. இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட.303 லீ-என்ஃபீல்டின் உடம்பு, குழல் மட்டும் சிறியது. பாய்விரித்துக் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஐந்து தோட்டாக்களில் மூன்று அட்டையின் நடுவே விழுந்த அன்று இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அந்தச் சிறுகுழல் ஏன் உண்டாயிற்று என்று அன்று நாம் கேட்கவில்லை. போயர் போரில் தம் வீரர்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்று கண்ட ஆங்கிலேயர், செலவு குறைந்த முறையில் நாட்டு மக்களைப் பழக்க அதைப் பரப்பினர். பெரிய துப்பாக்கிக்குக் கையையும் கண்ணையும் தோளையும் ஆயத்தம் செய்வதே சின்னத் துப்பாக்கியின் பிறவிப் பணி. நம் தஞ்சைத் தரணியிலேயே, 1980-களில் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஈழத்து இளைஞர்களின் பயிற்சி முகாம்கள் இருந்ததை மூத்தவர்கள் அறிவர். துப்பாக்கி கிடைக்காதவர்கள் மரத்துண்டைத் துப்பாக்கியாகப் பிடித்துப் பழகினர். போலியும் ஒரு பாடநூலே.

இனி நம் மனத்தை மிகவும் வருத்துவதைச் சொல்லவேண்டும். அன்பர் அந்தத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலை வேளையில் வரப்பில் உலவுவதாகக் கேள்விப்பட்டோம். சுடுவதில்லை, உலவுவது மட்டுமே. அவ்வேளையில் களையெடுத்துக் கரையேறும் பெண் எதைக் காண்கிறாள்? குழலின் துளையை அளந்து பார்க்க அவளிடம் அளவுகோல் இல்லை. அசலா போலியா என்று கேட்க அவளுக்குத் துணிவும் இல்லை. நிலம் உடையவரின் தோளில் போர்த்துப்பாக்கி. அவ்வளவே அவள் காண்பது. கூலி பேச நாளை அவள் வாய் திறப்பாளா?

இது மிகையான அச்சமென்று சொல்பவர், நமக்குத் தெற்கே உள்ள கீழ்வெண்மணிக்கு ஒருமுறை போய் வரட்டும். 1968 டிசம்பர் 25. நம் கோயில்களில் பாலன் பிறப்பைப் பாடிய அதே நாளின் இரவு. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பைச் சூழ்ந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. வேட்டுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை அக்குடிசையோடு கொளுத்தினர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்த மண்ணில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, யாருக்கு எதிரே நின்றது என்பதை உழைக்கும் மக்கள் மறக்கவில்லை. நாம்தாம் மறந்துவிட்டோம், மறந்துவிட்டதால்தான் அதை அலங்காரமாகத் தோளில் மாட்டிக்கொள்ள முடிகிறது. நம் அன்பர் அத்தகைய கொடுமையை நினைத்தும் பாராதவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் தோளில் தொங்கும் வடிவம் அவரைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

விவிலியம் கற்ற இளைஞர் ஒருவர், மேலாடையை விற்றாவது வாள் வாங்கச் சொன்னவர் ஆண்டவர்தாமே என்று நம்மை மடக்கினார். லூக்கா நற்செய்தியின் 22-ஆம் அதிகாரம். நல்ல கேள்வி. ஆனால் அதே அதிகாரத்தை முடிவுவரை வாசிக்க வேண்டும். சீடர்கள் இரண்டு வாள்களை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆண்டவர் அப்பேச்சையே அத்தோடு நிறுத்திவிடுகிறார். பதினொரு பேருக்கு இரண்டு வாள் எந்தப் படைக்குப் போதும்? அன்றிரவே ஒரு வாள் உருவப்பட்டு ஒரு வேலைக்காரனின் காது அறுபடுகிறது. ஆண்டவர் தொட்டுக் குணமாக்குகிறார். வெட்டுண்டவன் தலைமைக்குரு அல்லன், வேலைக்காரன் என்பதைக் கவனிக்க வேண்டும். பேதுருவின் ஆயுதத்தைக் களைந்தபோது ஆண்டவர் எல்லாப் போர்வீரரின் அரைக்கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று தெர்த்துல்லியன் எழுதினார். அது சிலைவழிபாட்டைப் பற்றிய நூலில் வருவது தற்செயலன்று.

தற்காப்பு உரிமையை நாம் மறுக்கவில்லை. புனித தோமா அக்குவினார் அதை ஏற்கிறார். திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் ஏற்கிறது. ஆனால் தற்காப்பு தேவையிலிருந்து பிறப்பது. தோற்றத்தில் கொண்ட ஆசையிலிருந்து பிறப்பதன்று. பழைய உரோமை ஆயர் சடங்கு நூலில் படைக்கலங்களை மந்திரிக்கும் செபம் இருந்தது உண்மையே. 1984-இல் வெளியான ஆசியுரை நூலில் அது இல்லை. அச்சுப் பிழையால் விடுபட்டதென்று நாம் நினைக்கவில்லை.

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பது நம் மறையின் முதல் பாடம். சாயல் விளையாட்டான சொல்லன்று. எதன் சாயலை விரும்புகிறோமோ அதுவாக மெல்ல மாறுகிறோம். 2022-இல் அமெரிக்காவில், ஏ.ஆர்-15 என்னும் போர்வகைத் துப்பாக்கியின் சாயலில், இரண்டரை பவுண்டுக்கும் குறைந்த எடையில், சிறுவர்க்கென்றே ஒரு .22 துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். குழல் சின்னது, துப்பாக்கி சின்னது, பிடிக்கும் கையும் சின்னது. அதே நாட்டில் 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் நகரின் மங்களவார்த்தை ஆலயத்தில் பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்தபோது சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. எட்டு வயதும் பத்து வயதுமான இரு குழந்தைகள் இறந்தனர். அந்த வாரமே திருத்தந்தை பதினான்காம் லியோ, பெரிதும் சிறிதுமான ஆயுதங்கள் கொள்ளைநோய்போல் உலகைப் பற்றியிருப்பதாக வருந்தி வேண்டினார். சிறிதையும் அவர் விட்டுவிடவில்லை.

திருக்கடையூர் வீதியில் அறுபதாம் கலியாணத்துக்கும் எண்பதாம் கலியாணத்துக்கும் மாலையும் கழுத்துமாய் வந்திறங்கும் தம்பதியரை நாம் அன்றாடம் காண்கிறோம். எமனிடமிருந்து தப்ப ஒரு சிறுவன் இறைவனைக் கட்டித் தழுவிக்கொண்டான் என்பது அவ்வூரின் தலபுராணம். அச்சிறுவன் கையில் ஆயுதமில்லை. வேறு மறையினரின் கதையானாலும், அன்று முற்றத்தில் துப்பாக்கியைச் சூழ்ந்து நின்ற நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை, சொல்லவும் செய்தோம்.

அண்மையில் உபதேசியார் வழியே அன்பர் ஒரு செய்தி அனுப்பினார்: சாமிக்கு இவ்வளவு வருத்தமென்றால் விற்றுவிடுகிறேன், கேட்டு ஆள் வந்திருக்கிறது. நாம் திருப்பிச் சொல்லியனுப்பினோம்: வேறொருவர் தோளுக்கு மாற்ற வேண்டாம், காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். போட்ட பணத்தைச் சாமி கொடுப்பாரா என்று கேட்டாராம். நம்மிடம் அவ்வளவு பணமில்லை. அவருடைய கார் இன்னும் மந்திரிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.