ஒதுக்கீட்டுக்கு முன்னால் கூலியைச் சமமாக்குங்கள்

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 75 விழுக்காடு வேலை என்ற பேச்சு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஓய்வதே இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக அதை வாக்குறுதியாகவே தந்தது. எங்கள் பையன்களுக்கு வேலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் இப்படியொரு திட்டத்தால் வெளியேற்றப்பட்டவன் நான்.

சவூதியின் ஜுபைலில் பைப் ஃபிட்டராக இருந்தேன். 2011-இல் உள்ளூர்க்காரருக்கு வேலை தரச் சொல்லும் நிதாகத் திட்டம் வந்தது. சவூதிக்காரர் எத்தனை பேர் என்று பார்த்து கம்பெனிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என நிறம் கொடுத்தார்கள். சிவப்பில் விழுந்த கம்பெனி எங்கள் தங்கும் அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்க முடியாது. ஆவணம் சரியில்லாதவர்களுக்குத் தந்த பொதுமன்னிப்புக் கெடு 2013 நவம்பரில் முடிவதற்குள் ஊர் வந்து சேர்ந்தேன். என் கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கடைசிச் சம்பளத்தைத் தரவே இல்லை.

அந்த இடங்களுக்கெல்லாம் சவூதி இளைஞர்கள் வந்துவிட்டார்களா? பல கம்பெனிகள் வேலைக்கே வராதவர்களின் பெயரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றிக் கணக்குக் காட்டின. அப்போது ஒரு சவூதிக்காரரை முழு ஆளாகக் கணக்கிட மாதம் 3,000 ரியால் தர வேண்டியிருந்தது. எங்களுக்கு அப்படிக் கீழ்வரம்பு இருக்கவில்லை; கபீல் சம்மதிக்காமல் பொதுவாக வேறு கம்பெனிக்கும் அப்போது போக முடியாது. மலிவாகவும் கட்டுப்பட்டும் ஆள் கிடைக்கும்போது எந்த முதலாளி உள்ளூர்க்காரனை மனசார எடுப்பார்?

கும்மிடிப்பூண்டியிலும் இதே கதைதான். இங்கே ரோலிங் மில்களில் பீகார், ஒடிசா பையன்கள் ஃபர்னஸ் எதிரே 12 மணி நேரம் நிற்பதைப் பார்க்கிறேன். தங்குமிடமும் கூலியும் ஒப்பந்தக்காரர் கையில். ஐடிஐ முடித்த கவரைப்பேட்டைப் பையன் எட்டு மணி நேர வேலையும் பிஎஃப்பும் கேட்பான். அதற்காகவே அவனைக் கேட்டோடு அனுப்பிவிட்டு, சோம்பேறி என்று பெயரும் வைக்கிறார்கள். அந்தப் பழி எனக்கு ஆறவே இல்லை.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்படி உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்களைத் துரத்துவதால் நம் பிள்ளைக்கு வேலை வந்துவிடாது. ஹரியானாவின் 75 விழுக்காட்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்தும் செய்துவிட்டது.

தொழிலாளர் துறை அதிகாரிகளே, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளியின் கூலியை வாங்கிக் கொடுங்கள். மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். தொழிற்சங்கத் தோழர்களே, இந்தி பேசும் அந்தப் பையன்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.