மதுக்கூடம் அன்று, அமர ஓர் இடம்

எருத்தேன்பதியின் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள், சித்தூர் வட்டத்துப் பிற ஊர்க் கள்ளோடு சேர்ந்து வண்டியேறிக் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குச் செல்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், அங்கிருந்து இப்பக்கம் வந்து குடித்துவிட்டுத் திரும்புவோரும் உண்டு. குடியைக் கண்டு கூசும் நிலப்பகுதி அன்று இது. ஆயினும் கள்ளுக்கடைப் பலகையில் இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும் காட்சி இங்கு அரிதினும் அரிது. அவ்விருவரும் ஒருவரையொருவர் காதலிப்பவர்கள் எனில், கள்ளுக்கடை மட்டுமன்று, பேருந்து நிறுத்தமும் கோயில் திடலும்கூட அவர்களுக்கு உரிய இடங்களாக இருப்பதில்லை.

‘லெஸ்பியன் பார்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மேலைநாட்டுக் களியாட்டம் என்ற எண்ணமே பலருக்கும் எழுகிறது. அதன் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. லண்டன் செல்சிப் பகுதியில் 1931இல் தொடங்கப்பட்ட கேட்வேஸ் மன்றம் ஒரு பச்சைக் கதவுக்குப் பின்னே, படியிறங்கிச் செல்லும் நிலவறையில் இயங்கியது. 1967இல் பெண்களுக்கு மட்டுமேயானதாக மாறி, 1985இல் மூடப்பட்டது. பகலெல்லாம் அலுவலகத்தில் இல்லாத காதலனைப் பற்றிப் பொய்யுரைத்துக் களைத்த ஒரு பெண்ணுக்கு, அந்தப் படிகளுக்குக் கீழே பொய் தேவைப்படவில்லை. அவள் விலை கொடுத்து வாங்கியது குவளையில் இருந்ததை மட்டுமன்று, விளக்கம் சொல்லாமல் இருக்கக்கூடிய சில மணி நேரத்தையும்தான்.

அந்தச் சில மணி நேரமும் எளிதில் கிடைத்ததன்று. சான்பிரான்சிஸ்கோவில் 1966இல் மாட்ஸ் என்னும் பெண்கள் மதுக்கூடத்தைத் தொடங்கிய ரிக்கி ஸ்ட்ரைக்கர், தம் சொந்தக் கடையிலேயே மது கலந்து தரும் பணிக்குப் பெண்களை அமர்த்த இயலவில்லை. கலிபோர்னியச் சட்டம் அதைத் தடுத்தது. 1971இல்தான் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இது தொலைதூரக் கதையன்று. மது அருந்தும் இடங்களில் பெண்கள் பணிபுரியத் தடை விதித்த பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2007இல்தான் நீக்கியது. அதற்குப் பின்னரும், 2013இல், கேரள அரசு மதுக்கூடங்களில் பெண்கள் மது பரிமாறக் கூடாதென விதி செய்தது. 2015இல் உயர் நீதிமன்றம் அதை நீக்க வேண்டியிருந்தது. பெண்ணைக் காப்பது என்ற பெயரில் இரவை ஆணுக்கே எழுதிவைக்கும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது.

இந்தியப் பெருநகரங்களில் இன்று நிலைமை மாறிவிட்டதாகச் சொல்வோர் உண்டு. மும்பையிலும் பெங்களூருவிலும் எப்போதாவது ஓர் இரவு பால்புதுமையினருக்கென ஒதுக்கப்படுகிறது, உண்மைதான். ஆனால் நுழைவுக் கட்டணம், திரும்பி வரும் வாடகை வண்டி, பூட்டப்படும் விடுதிக் கதவு ஆகிய மூன்றையும் தாண்டக்கூடியவருக்கே அந்த இரவு. பெண்களுக்கு இலவசம் என அறிவிக்கப்படும் ‘லேடீஸ் நைட்’ இன்னும் வேடிக்கையானது. அங்கே பெண் வாடிக்கையாளர் அல்லள், ஆண் வாடிக்கையாளரை ஈர்க்கும் விளம்பரம். ஆணின் கவனத்தை நாடாத இரு பெண்கள் அந்த மேசையில் அமர்ந்தால், நள்ளிரவுக்குள் எத்தனை முறை விளக்கம் சொல்ல நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நீதிமன்றங்கள் இப்பெண்களுக்குக் கணிசமாகவே செய்திருக்கின்றன. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இணையரின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் பாடம் கேட்டு, 2021 ஜூனில் காவல்துறைக்கு வழிகாட்டுதல்கள் வழங்கினார். ஆதிலா நஸ்ரின், பாத்திமா நூரா இருவரும் சேர்ந்து வாழலாம் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022 மே 31இல் அனுமதித்தது. கேரளத்திலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், ஆலோசனை என்ற பெயரில் ஒருவரின் விருப்பத்தை மாற்ற முயலக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2024இல் அறிவுறுத்தியது. தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றது. இவையனைத்தும் இப்பெண்களுக்கு உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள ஒரு கதவைத் தந்தன. கதவுக்கு வெளியே அமர ஓர் இடத்தைத் தரவில்லை. அதைத் தருவது தீர்ப்பின் வேலையும் அன்று.

அந்த இடமின்மை உயிரைக் குடிக்கும். பெண் இணையரின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த காலத்தில்தான், 2002இல், கேரளத்தில் சகயாத்திரிகா அமைப்பு தோன்றியது. தம்மைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள், அவளும் வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள், வயதாகியும் வாழ்கிறாள் என்பதைக் கண்ணால் காணாத பெண்ணுக்கு உலகமே அடைபட்ட அறையாகிறது. கைப்பேசிச் செயலி ஒரு துணையைக் கண்டுபிடித்துத் தரலாம். ஆனால் ஐம்பது வயதுப் பெண்கள் இருவர் அடுத்த மேசையில் சண்டையிட்டுச் சமாதானமாவதை அது காட்டாது.

சோற்றுக்கே பாடுபடும் சிற்றூரில் மதுக்கூடம் எதற்கு என்று கேட்பது நியாயமே. மதுக்கூடம் தேவையில்லை. கேரளத்தில் ஊர்தோறும் கிரந்தசாலை உண்டு. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களால், பெண்கள் கூடி அமர்வது இங்குப் பழகிப்போன காட்சி. கட்டடமும் நாற்காலியும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் நூலகத்தின் மாலை நேரம் ஆண்களுடையதாகவும், அயல்கூட்டத்தின் பேச்சு மனைவியரும் தாய்மாரும் என்ற எல்லைக்குள்ளும் நின்றுவிடுகிறது. வாரத்தில் ஒரு மாலை, கணவன் எங்கே, கலியாணம் எப்போது என்று எவரும் கேட்காத ஒரு நாற்காலி, ஒரு தேநீர், திரும்பிச் செல்ல ஒரு கடைசிப் பேருந்து. லண்டன் நிலவறை தந்ததும் ஏறத்தாழ இவ்வளவே. இதைத் தர எருத்தேன்பதிக்குப் பணம் தேவையில்லை. அந்த ஒரு மாலையேனும் கேள்வி கேளாதிருக்க ஊருக்கு மனம் வர வேண்டும்.