கொல்லிமலையில் மூன்றாவது கை ஏது?

பழைய கார் பிரியர்களிடம் கண்ணாடி கழுவும் பம்ப்பை மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். தாஜ்மஹாலுக்கு ஷட்டர் கதவு போடச் சொன்ன மாதிரி குதிப்பார்கள். "ஒரிஜினாலிட்டி போயிடும் சார்!"

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 1950, 60களின் மோரிஸ், ஆஸ்டின் வகையறா கார்கள் பலவற்றில் வாஷர் என்பது டேஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழ், அவ்வளவுதான். அதை விரலால் அமுக்க அமுக்க, பானெட்டுக்குள் இருக்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஏறிக் கண்ணாடியில் பீய்ச்சும். ஒரு அமுக்குக்குக் கொஞ்சம்தான் வரும். கண்ணாடி நன்றாக நனைய வேண்டுமானால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ரப்பர் காய்ந்துபோனால் அதுவும் இல்லை. வெறும் டப் டப் சத்தம்தான்.

சரி, இந்தக் காரோடு கொல்லிமலைக்கு வாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தூறல், பனிமூட்டம், போதாததற்கு முன்னால் போகும் பஸ் வாரி இறைக்கும் சேறு. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ அந்த வளைவில் திருப்ப வலது கைக்கு முழு பலமும் வேண்டும். இடது கை ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும் கியரில், இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறக்கிக்கொண்டிருக்கும். குமிழை அமுக்க மூன்றாவது கை ஏது? தண்ணீர் இல்லாமல் வைப்பரை மட்டும் போட்டால் சேறு கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். எதிரே வருவது லாரியா மோட்டார் சைக்கிளா என்றுகூடத் தெரியாது.

"ஓரங்கட்டித் துணியால் துடைக்க வேண்டியதுதானே?" என்பார்கள். கொண்டை ஊசி வளைவில் ஓரம் எங்கே இருக்கிறது என்று அவர்களே காட்டட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆன, அசல் வடிவில் இருக்கும் வண்டி என்பதுதான் தகுதி. கூடாது என்று அது குறிப்பாகச் சொல்வது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றங்களை. வாஷர் பம்ப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அரசாங்கமே விட்டுவிட்டதை இவர்கள் விடமாட்டார்களாம்!

இதே ஆசாமிகளின் வண்டியில் ரேடியல் டயர் இருக்கும். ஹாலஜன் பல்ப் எரியும். அதற்கெல்லாம் போகாத ஒரிஜினாலிட்டி இந்தக் குமிழுக்கு மட்டும் போய்விடும். அந்தக் காலத்து எஞ்சினியர்களே கையால் அமுக்குவதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. 60களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஸ்பேர் டயரின் காற்றழுத்தத்தை எடுத்துத் தண்ணீரைப் பீய்ச்ச வைத்தார்கள்!

கைப்பம்ப்புக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு. அதற்கு ஒயரும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். மின்சார மோட்டாரை அரைகுறையாக மாட்டினால் தொல்லைதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் ஒயரைக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் ஒழுங்காக ஏறாது. பழைய பீட்டில் மாதிரி 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் மோட்டாரும் சரிப்படாது. தனி ஃபியூஸ் போட வேண்டும். குழாயில் தண்ணீர் திரும்பி இறங்காமல் இருக்க ஒரு ஒருவழி வால்வும் போட்டால் ஸ்விட்சைத் தொட்டதும் பீய்ச்சும். இதெல்லாம் நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரின் வேலை. தடை சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

செலவுக் கணக்கும் சின்னதுதான். பம்ப், கொஞ்சம் ஒயர், ஒரு ஸ்விட்ச், கூலி. பெயிண்ட் வேலைக்குக் கணக்குப் பார்க்காமல் கொட்டுகிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பது எந்த லெட்ஜரில் சேரும் என்று தெரியவில்லை.

குமிழைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது டேஷ்போர்டில் இருந்த இடத்திலேயே அழகாக இருக்கட்டும். மோட்டாரை பானெட்டுக்குள் கண்ணில் படாமல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விரல் எட்டும் இடத்தில் ஸ்விட்சைப் பொருத்தினால் போதும். பாடியில் ஓட்டை போடாமலே செய்யலாம். கண்காட்சிக்கு முந்தின நாள் பழைய குழாயைத் திரும்பக் குமிழில் மாட்டிவிட்டால் எந்த நடுவருக்கும் தெரியப்போவதில்லை.