முத்து கிடைச்சாச்சு... அப்புறம்?

சிம்போசியம் சீசன் வந்தாலே 'பிசினஸ் ப்ளான்' போட்டியும் வந்துடும். பதினஞ்சு ஸ்லைடு, நடுவுல ஒரு பை சார்ட், கடைசி ஸ்லைடில் 'அஞ்சு வருஷத்தில் நூறு கோடி டர்ன் ஓவர்!' கைதட்டல், கேடயம், குரூப் போட்டோ. எல்லாம் சரி பாஸ்... போன வருஷம் முதல் பரிசு வாங்கின ப்ளான் இப்ப எங்கே இருக்குன்னு உங்க சீனியரைக் கேட்டுப் பாருங்க. தலையைச் சொறிவார்.

ஐடியாவுக்கு நம்ம ஊர்ல என்னைக்குமே பஞ்சமில்லை. அதைத் தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ணி, கடைசிவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுலதான் நமக்கு மூச்சு வாங்குது. இதைப் புரிஞ்சுக்க தூத்துக்குடி வரைக்கும் ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வரலாம், வாங்க. தூத்துக்குடின்னதும் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியைச் சொல்லப்போறேன்னு நினைச்சிருப்பீங்க. அது தனியா ஒரு வாரம் எழுத வேண்டிய விஷயம். இந்த வாரம் முத்து.

முத்துக்குளிப்புன்னா நம்ம மனசுல வர்ற படம் என்ன? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கடல்ல குதிப்பார், அதிர்ஷ்டம் இருந்தா முத்தோட வருவார். சினிமா அப்படித்தான் காட்டியிருக்கு. ஆனா இதை நடத்தின விதத்தைப் படிச்சா, இன்னைக்கு எம்.பி.ஏ. வகுப்புல சொல்லித்தர்ற பாதி விஷயம் அதுல இருக்கு.

தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு. 'பார்'னு சொல்வாங்க. தொலையிரம் பார் அதுல ரொம்பப் பிரசித்தம். முத்துச்சிப்பி அங்கேதான் ஒட்டி வளரும். மூணு வயசுக்குக் குறைஞ்ச சிப்பியில பேர் சொல்ற மாதிரி முத்து இருக்காது. அஞ்சாறு வயசாச்சுன்னா சிப்பியே தானாகச் செத்துடும். அதாவது, எடுக்கிறதுக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் குறைவு. சீக்கிரம் எடுத்தா வேஸ்ட், லேட்டா எடுத்தா வெறும் ஓடு!

அதனால சர்க்கார் முதல்ல பார்களைச் சோதனை போடும். எந்தப் பாரில் சிப்பி இருக்கு, என்ன வயசுன்னு பார்ப்பாங்க. அப்புறம் சில ஆயிரம் சிப்பியை மட்டும் எடுத்து, அழுக விட்டு, கழுவி, கிடைக்கிற முத்தைச் சல்லடையில சலிச்சுத் தரம் பிரிப்பாங்க. வியாபாரிகள் உட்கார்ந்து விலை போடுவாங்க. 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்'னு ஒரு கணக்கு வரும். கணக்கு கட்டுபடி ஆனாத்தான் அந்த வருஷம் முத்துக்குளிப்பு. இல்லேன்னா இல்லை. எத்தனையோ வருஷம் 'இல்லை'ன்னே சொல்லியிருக்காங்க!

குளிக்கிறவங்களுக்குக் கூலியும் காசா கிடையாது. எடுத்த சிப்பியில் ஒரு பங்கு அவங்களுக்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா இல்லையாங்கிற ரிஸ்க் வாங்கினவர் தலையில். செம மூளை இல்ல?

சோதிச்சுப் பார்க்கிற இந்தப் பழக்கத்தை விட்டா என்ன ஆகும்? அதுக்கும் ஒரு கதை இருக்கு. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார் பக்கம், 1905-ல் முத்துக்குளிப்பு வரலாறு காணாத அளவுக்குப் போச்சு. எட்டு கோடிக்கும் மேலே சிப்பி! உடனே லண்டன்ல ஒரு கம்பெனி கிளம்பிடுச்சு. 1906-லிருந்து இருபது வருஷத்துக்கு அந்தப் பார்கள் மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்தாங்க. வருஷத்துக்கு மூணு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வாடகை. இத்தனைக்கும் 1891-க்கு அப்புறம் 1903 வரைக்கும் அதே பார்களில் முத்துக்குளிப்பே நடக்கலை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தை மறந்துட்டு, நல்ல ஒரு வருஷத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்குத் திட்டம் போட்டாங்க. 1906, 1907 ரெண்டு சீசன் ஓடிச்சு. அதோட சரி. 1912-ல் கம்பெனியை மூடிட்டாங்க. ஃபர்ஸ்ட் செமஸ்டர் மார்க்கைப் பார்த்துட்டு யூனிவர்சிட்டி ரேங்க் எனக்குத்தான்னு வீட்டுக்கு போன் போட்ட கதைதான்!

தூத்துக்குடிப் பக்கம் 1955-லிருந்து 1961 வரைக்கும் வருஷா வருஷம் முத்துக்குளிப்பு நடந்துச்சு. அதுக்கப்புறம் நடக்கவே இல்லை. கடல் தரலைன்னா நாமளே வளர்க்கலாமேன்னு மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இறங்கினாங்க. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், டாக்டர் கே. அழகர்சாமி தலைமையில். ஜப்பானில் இது பல வருஷமா பெரிய தொழில். ஆனா கை நுணுக்கத்தை யாரும் கூப்பிட்டுச் சொல்லித்தர மாட்டாங்க. ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவில் துளியூண்டு வெட்டி எடுத்து, ஓட்டில் செஞ்ச ஒரு மணியோட சேர்த்து இன்னொரு சிப்பிக்குள்ள வைக்கணும். கிட்டத்தட்ட ஆபரேஷன். கை கொஞ்சம் பிசகினாலும் சிப்பி மணியைத் துப்பிடும், இல்லே செத்துடும். 1973-ல் ஜெயிச்சாங்க. இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்து நம்ம வேப்பலோடையில் பிறந்தது!

நம்ம சிம்போசியமா இருந்தா இங்கேயே கேடயம் கொடுத்து அனுப்பியிருப்போம். ஆனா உண்மையான வேலை இதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. ஆபரேஷன் கைவந்ததும், அடுத்த அடைப்பு கண்ணுக்குத் தெரிஞ்சுது: ஆபரேஷன் பண்ண சிப்பி வேணுமே! பாரிலிருந்து பொறுக்கிட்டு வரணும். ஒரு வருஷம் இருக்கும், ஒரு வருஷம் இருக்காது. சரி, சிப்பிக் குஞ்சையே பொரிக்க வைப்போம்னு தொட்டியில் முட்டை விட வெச்சு, நுண்பாசி ஊட்டி வளர்த்தாங்க. 1981-ல் அதுவும் கைகூடிச்சு. இனி சிப்பிக்குப் பஞ்சமில்லை. உடனே அடுத்த அடைப்பு முன்னால வந்து நின்னுச்சு: வளர்க்கிற இடம். திறந்த கடலில் அலை, சேறு. கூண்டு மேலேயும் சிப்பி மேலேயும் கொட்டலசு ஒட்டிக்கிட்டு மூச்சுமுட்ட வைக்கும். சும்மா விட்டா ஓட்டைத் துளைக்கிற புழு வேற. அதனால முறை வெச்சுச் சுரண்டிச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே, அமைதியான தண்ணியிலும் பண்ணை வெச்சுப் பார்த்தாங்க.

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. ஒரு அடைப்பை எடுத்தா சிஸ்டம் சரியாயிடறதில்லை. அடைப்பு அடுத்த இடத்துக்கு நகருது. அதைத் துரத்திக்கிட்டே போறதுக்குத்தான் 'தொடர் முன்னேற்றம்'னு பேரு. ஜப்பான்காரங்க 'கைஸன்'னு சொல்வாங்க. பெயரைக் கேட்டதும் ஏதோ பெரிய தத்துவம்னு பயந்துடாதீங்க. கொட்டலசு சுரண்டறதும் அதுல சேர்த்திதான்.

ஆனா முத்துக் கதையில் அடைப்பு ஒரு கட்டத்தில் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டே வெளியே நகர்ந்துடுச்சு. விதையும் மணியும் என்ன விலை, சுத்தம் பண்ண எத்தனை ஆள், முத்தை யார் வாங்குவாங்க, எத்தனை மில்லிமீட்டர் முத்துக்கு மார்க்கெட் இருக்கு... விஞ்ஞானியோட டேபிளில் இதுக்கு விடை கிடையாது. 1983-ல் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் ஸ்பிக் நிறுவனமும் சேர்ந்து ஒரு முத்துக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஆனாலும் கடலோர கிராமத்துக்கு கிராமம் முத்துப் பண்ணைங்கிற நிலை வரவே இல்லை. அதே காலகட்டத்தில் பசிபிக் கடலில் இருக்கிற தஹிதித் தீவுகள் கருப்பு முத்தை வெச்சே உலகச் சந்தைக்குள் நுழைஞ்சுடுச்சு.

நியாயமாப் பேசணும்னா, நம்ம பக்கத்துச் சிப்பி சின்னது. முத்தும் சின்னதாத்தான் வரும். அங்கே சிப்பியும் பெருசு, தீவுகளுக்கு நடுவுல அமைதியான கடல் ஏரிகளும் உண்டு. அப்புறம் சீனா நன்னீர் முத்தைக் குவிச்சுச் சின்ன முத்தின் விலையையே தரைக்குக் கொண்டுவந்துடுச்சு. அதனால 'நாம சோம்பேறி, அவங்க உழைப்பாளி'ன்னு ஒரே வரியில் முடிச்சா அது தப்பு. ஆனா 1973-லிருந்து சீன முத்து குவியற வரைக்கும் நம்ம கையில் நேரம் இருந்துச்சு. அந்த நேரத்தில் ஆராய்ச்சி, பண்ணை, வங்கிக்கடன், விற்பனைன்னு நாலையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்க ஆள் இல்லாமப் போச்சுங்கிறது என் கட்சி.

அந்தக் கயிற்றுக்கும் ஜப்பானில் பேர் உண்டு. 'ஹோஷின் கன்ரி.' 1960-களில் அங்கே வேர்விட்ட முறை. வருஷத்துக்கு ரெண்டே மூணு குறிக்கோள். மேலே இருக்கிறவர் சொல்வார். கீழே இருக்கிறவர் 'இதுல என் பங்கு இவ்வளவு, அதுக்கு எனக்கு இது வேணும்'னு பதில் சொல்வார். பந்து மேலேயும் கீழேயும் நாலு தடவை போய் வந்தப்புறம்தான் திட்டம் முடிவாகும். அப்புறம் மாசா மாசம் கணக்கு: சொன்னது என்ன, நடந்தது என்ன, ஏன் வித்தியாசம்? இந்த மாதிரி தர நிர்வாகத்தை உயிராப் பிடிக்கிற கம்பெனிகளுக்கு ஜப்பானில் 'டெமிங் பரிசு' கொடுக்கிறாங்க. 1998-ல் அதை வாங்கின முதல் இந்தியக் கம்பெனி, டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன். அப்ப அது இருந்த இடம் சென்னை பாடி! அதனால 'நம்ம ஊருக்கு ஒத்துவராது'ங்கிற டயலாக் செல்லாது.

ஃபேக்டரிக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க. சர்வீஸுக்கும் இதே கதைதான். உங்க ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கோங்க. க்யூ நீளம்னு எல்லாரும் திட்டறோம். கடிகாரத்தோட யாரும் நின்னு பார்த்ததில்லை. இந்த ஒரு வாரம் பாருங்க. தட்டு எடுக்க எத்தனை நிமிஷம், சாதத்துக்கு எத்தனை, குழம்புக்கு எத்தனை? குழம்பு கவுன்ட்டர்லதான் நிக்குதுன்னு தெரிஞ்சா வார்டனிடம் போய் ஒரே ஒரு கரண்டியும் ஒரு ஆளும் கூடுதலா கேளுங்க. கொடுத்துட்டா, அடுத்த வாரம் க்யூ மோர் அண்டாகிட்ட போய் நிக்கும். அங்கேயும் கடிகாரத்தோட போங்க.