வீடு எழும்வரை காத்திராத முட்டைக் கலம்

பாண்டிருப்பிலும் அதன் இருமருங்கிலுமுள்ள மருதமுனை, கல்முனை ஆகிய ஊர்களிலும் ஒரு பெண் பிள்ளைக்குத் திருமணம் பேசி முடிக்க வேண்டுமாயின், முதலில் அவளுக்கென ஒரு வீடு எழுந்தாக வேண்டும். தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றிக் கிழக்குக் கரையோரம் முழுவதிலும் வேரூன்றிய வழக்கம் இது. அத்திவாரம் வெட்டுவதற்கும் கூரை போடுவதற்கும் இடையில் சில குடும்பங்களில் பத்து வருடங்கள் கழிந்துவிடுகின்றன. இருபத்துநான்கு வயதுப் பெண் முப்பத்துநான்கு வயதை எட்டுகின்றாள். அதன் பின்னர் திருமணம் நடந்து, ஒரு வருடத்தினுள் குழந்தை தங்காவிடின் அவளுக்கு ஊரார் ஒரு பெயரும் சூட்டிவிடுகின்றனர். அச்சொல்லை இங்கு எழுதுவதற்கு நாம் விரும்பவில்லை.

அந்தப் பத்து வருட காலத்தில் அவளது உடலினுள் நிகழ்ந்தது என்ன என்பதை அறிவியல் இப்போது மூலக்கூற்று மட்டத்தில் விளக்குகின்றது. அதனை அறிந்துகொண்டால் பழி யாரைச் சாரும் என்பதும் தெளிவாகும்.

ஆணின் உடலில் விந்துக் கலங்கள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகின்றன. பெண்ணின் முட்டைக் கலங்களோ அவள் பிறப்பதற்கு முன்னரே உருவாகிவிடுகின்றன. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கையில் அவளது சூலகங்களில் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் காணப்படும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும்போது 3 முதல் 4 இலட்சமாகவும் இத்தொகை குறைந்துவிடும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400 அல்லது 500 மாத்திரமே. நம் ஒவ்வொருவருக்கும் மூலமான முட்டை, நமது அம்மம்மாவின் வயிற்றில் நமது தாய் இருந்தபோது உருவானது என்பதே இதன் பொருள். தாய்வழியாகக் குடி எண்ணும் கிழக்கு மாகாண மக்களுக்கு இது வியப்பளிக்காமலும் போகலாம்.

முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது முப்பத்தைந்துக்கு மேல்தான். இத்தனை காலமும் அது ஒடுக்கற்பிரிவின் நடுவழியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றது. சோடி சேர்ந்த நிறமூர்த்தங்கள் பிரியாதவாறு கொஹீசின் என்னும் புரதம் வளையம்போன்று அவற்றைக் கட்டிவைத்திருக்கின்றது. இக்கட்டு சிசுப் பருவத்திலேயே போடப்படுவது. அது பின்னர் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதை 2010இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. கொஹீசினை உரிய வேளைக்கு முன்னர் அறுபடாமல் காக்கும் மற்றொரு புரதத்துக்கு 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷுகோஷின் எனப் பெயரிட்டனர். அவர்களது மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருளாம். வயது ஏற ஏற அக்காவலும் தளர்கின்றது. கட்டு நெகிழ்ந்த நிறமூர்த்தங்கள் முட்டை முதிரும் வேளையில் முறை தவறிப் பிரிகின்றன. ஒன்று கூடிய அல்லது ஒன்று குறைந்த முட்டை உருவாகின்றது. அவ்வாறு உருவாகும் முளையங்களிற் பெரும்பாலானவை கருப்பையில் தங்குவதில்லை. தங்கினாலும் சில வாரங்களில் கலைந்துவிடுகின்றன. பிழைத்து வருவனவற்றுள் ஒன்றுதான் டவுண் சின்ட்ரோம். தாய்க்கு 25 வயதாயின் ஏறத்தாழ 1,250 பிறப்புகளுக்கு ஒன்று என்றிருக்கும் அதன் சாத்தியம், 40 வயதில் 100க்கு ஒன்றாகின்றது.

முட்டையில் எல்லாமே பழுதாகிவிடுகின்றது என்றும் கொள்ளலாகாது. கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிகளின் மரபணுவில் வயதோடு பிறழ்வுகள் பெருகும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், 20 முதல் 42 வயது வரையான 22 பெண்களின் முட்டைகளை ஆராய்ந்து 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களது இரத்தத்திலும் உமிழ்நீரிலும் அப்பிறழ்வுகள் வயதோடு கூடியபோதிலும் முட்டைகளில் கூடவில்லை எனக் கண்டது. இயற்கை முட்டையை அலட்சியமாக விட்டுவைக்கவில்லை. கைவிட்டது அந்தக் கட்டை மாத்திரமே. அதனை மீளப் போடக்கூடிய எண்ணெயோ, கசாயமோ, மாத்திரையோ இன்றுவரை இல்லை என்பதை, விளம்பரங்களை நம்பிப் பணத்தை இறைக்கும் தம்பதியர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இதனைக் காரணங்காட்டிப் பெண் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கட்டிக்கொடுக்க வேண்டும் என எவரேனும் வாதிட முன்வரலாம். அவர்களுக்கும் அறிவியல் பதில் வைத்திருக்கின்றது. 9 முதல் 43 வயது வரையானோரின் முட்டைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்று, பதின்ம வயதினரின் முட்டைகளிலும் நிறமூர்த்தப் பிழைகள் அதிகம் எனக் கண்டறிந்தது. பிழை குறைந்த காலம் இருபதுகளும் முப்பதுகளின் தொடக்கமும் ஆகும். பல்கலைக்கழகக் கல்வியை முடித்துத் தொழிலும் பெற்ற ஒரு பெண்ணுக்கு அக்காலத்தில் இடமுண்டு. இடம் இல்லாமற் போவது வீட்டுக்கும் கைக்கூலிக்குமாகக் காத்திருக்கும்போதே.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையில் வீடுகளை வாரிச் சென்றதை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. நாட்டில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் அம்பாறை. உயிரிழந்தோர் பத்தாயிரத்துக்கும் அதிகம். அடுத்த ஆண்டில் கிழக்கில் 200 மீற்றர் வரை தடை வலயம் என அரசாங்கம் கோடு கீறியது. பிள்ளைக்கென ஒதுக்கிய வளவு அக்கோட்டுக்குள் அகப்பட்ட குடும்பங்கள் எங்கே வீடு கட்டுவது? அன்று பதினைந்து வயதிலிருந்த பெண் இன்று முப்பத்தைந்தைக் கடந்துவிட்டாள். அலையில் பிள்ளைகளை இழந்து மீண்டும் ஒரு குழந்தைக்கு ஏங்கிய தாய்மாருக்கோ காலம் அப்போதே குறுகியிருந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம், குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்திருந்த அத்தகைய தாய்மாருக்குக் கருக்குழாயை மீள இணைக்கும் சிகிச்சையை இலவசமாக வழங்க முன்வந்தது. குழாயை இணைக்க முடிந்தது. முட்டையின் வயதைக் குறைக்க எந்த வைத்தியராலும் முடியவில்லை.

வயது கடந்த பின்னர் மேலை நாடுகளிலும் இந்தியாவிலும் கைக்கொள்ளப்படும் வழி, இளம் பெண்ணொருவரின் முட்டையைத் தானமாகப் பெறுவதாகும். 2019 செப்டெம்பரில் ஆந்திராவின் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த பெண் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதும் தானமுட்டையால்தான். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சிகிச்சைக்குப் பெண்களின் உச்ச வயதை 50 என வரையறுத்தது. சுன்னி முஸ்லிம்களுக்கோ இவ்வழி அடைபட்டுள்ளது. சோதனைக்குழாய் முறையைக் கணவன் மனைவிக்கிடையில் அனுமதித்த எகிப்தின் 1980ஆம் ஆண்டு மார்க்கத் தீர்ப்பு, மூன்றாமவரின் முட்டையையோ விந்தையோ பெறுவதைத் தடுத்தது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய சட்டக் கலைக்கழகமும் அதே நிலைப்பாட்டையே எடுத்தது. முட்டையை உறையவைத்துப் பேணுவதை எகிப்தின் தாருல் இப்தா 2019இல் அனுமதித்தபோதும், மணபந்தம் நிலவும்போது கணவனின் விந்தோடு மாத்திரமே அதனைப் பயன்படுத்தலாம் என்றது. ஆகவே, கல்முனைப் பிரதேசத்து முஸ்லிம் பெண்ணுக்குத் தன் சொந்த முட்டையைத் தவிர மாற்று வழி கிடையாது. அவளது வருடங்களைக் கைக்கூலிப் பேரத்தில் கரைப்போர் இதனை அறிந்துதான் செய்கின்றனரா?

மறுபுறம், குழந்தையின்மைக்கு உள்ளான தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆண் தரப்புக் காரணியும் இருப்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. இருந்தும் மனைவியைக் கொழும்புவரை அழைத்துச் சென்று பலவித சோதனைகளுக்கும் உட்படுத்திய பின்னரே கணவனின் விந்துப் பரிசோதனை குறித்துப் பேச்செழுகின்றது. அதற்கும் அவன் இணங்க வேண்டும். மத்திய கிழக்கில் தொழில் புரியும் கணவன் இரண்டு வருடங்களுக்கொரு முறை ஒரு மாத விடுமுறையில் வந்து செல்வதை 'ஐந்து வருடத் தாம்பத்தியம்' எனக் கணக்கிடுவதும் எவ்வகையில் நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஏ.எம்.எச். எனப்படும் இரத்தப் பரிசோதனை குறித்தும் ஒரு வார்த்தை. அது மீதமுள்ள முட்டைகளின் தொகையை உத்தேசமாகக் காட்டுமேயன்றி அவற்றின் தரத்தைக் காட்டாது. அதன் முடிவை வைத்து நம்பிக்கை இழப்பதும், இன்னும் காலமுண்டு என்றிருப்பதும் ஒருசேரத் தவறானவை.

புதுமணத் தம்பதியருக்கான கர்ப்பத்துக்கு முந்திய பராமரிப்புத் திட்டம் ஒன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளூடாக ஏற்கனவே நடைபெறுகின்றது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மணப்பெண்கள் ஒரு வருடம் காத்திராது ஆறு மாதத்திலேயே ஆலோசனை பெற வேண்டும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் அங்கு வலியுறுத்தலாம். கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் அருகருகே இயங்குகின்றன. முதற்கட்டச் சோதனைகளைக் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் செய்து முடிக்கும் கிளினிக் ஒன்றை அவற்றில் ஒழுங்காக நடத்தினால், முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தலைநகருக்கு அலைவது எத்தனையோ பேருக்கு மிச்சமாகும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தத்தமது ஊரில் வீட்டுக்காகத் திருமணம் தடைப்பட்டு நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.