மடல் போயிற்றா?



சென்ற பொங்கல் விழாவுக்கு நம் மன்றத்தின் பதிவுச் செயலியை எழுதியவன் நான்தான். இயற்பியல் படிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஊரைவிட்டு இவ்வளவு தொலைவு வந்தவனுக்கு, தமிழ் பேசும் நாலு பேரை ஓரிடத்தில் காண எந்த வேலையும் செய்யத் தோன்றும். செய்தேன், பிழைபடச் செய்தேன்.

விழாவுக்கு மறுநாள், தேனிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவரை நூலகத்தில் கண்டேன். "ஏன் தம்பி, விழாவுக்கு வரவில்லை?" என்றேன்.

"பதிவு செஞ்சேன் அண்ணே. மெயில் வரல. இடம் இல்லைன்னு நினைச்சு மெஸ்ஸுலயே சாப்பிட்டுட்டேன்."

பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவருக்கென்று இலையும் இருந்தது. வேறு சிலருக்கோ ஒரே மடல் மூன்று முறை போயிருந்தது!

நடந்தது இதுதான். நோட்.ஜேஎஸ்ஸில் எழுதிய அந்தச் செயலி, பொத்தானை அழுத்தியதும் நோட்மெயிலர் வழியாக மடலை அனுப்பி, அது முடியும்வரை பக்கத்தைக் காக்க வைத்தது. அஞ்சல் சர்வர் தாமதித்தது. பொறுமையிழந்தவர்கள் மீண்டும் மீண்டும் அழுத்தினார்கள், மடல்கள் பெருகின. நான் 'அவெய்ட்' என்ற சொல்லை நீக்கிவிட்டேன். பக்கம் பறந்தது, பெருமைப்பட்டேன். ஆனால் 2020-இல் வெளிவந்த நோட் 15 முதல், கவனிப்பாரற்ற பிராமிஸ் ஒன்று தோற்றாலே செயலி முழுவதும் நின்றுவிடும். அப்படியே நின்றது. நினைவகத்தில் காத்திருந்த மடல்களும் அதனோடு மாண்டன.

ஆகவே, பதிவை ஏற்பது ஒரு வேலை, மடலைக் கொண்டுசெல்வது வேறு வேலை என்று பிரித்துவிட வேண்டும் என்கிறேன். ரெடிஸும் புல்எம்க்யூவும் கொண்டு வரிசை அமைப்பார்கள். நல்லதே. ஆயினும் நம்மைப் போன்ற சிறு மன்றத்துக்கு அவையும் வேண்டா என்பது என் எண்ணம். நம்மிடமுள்ள போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலேயே 'அனுப்ப வேண்டியவை' என்று ஓர் அட்டவணை போதும். பதிவும் மடல் குறிப்பும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதப்பட்டால், நின்றால் இரண்டும் நிற்கும். இல்லையேல் இரண்டும் இரா. மாணவர் எண்ணுக்கு ஒரு வரிதான் என்று கட்டுப்படுத்திவிட்டால் பத்து முறை அழுத்தினாலும் குறிப்பு ஒன்றே. தனியே ஓடும் இன்னொரு நிரல் வரிகளை எடுத்து அனுப்பட்டும். அனுப்பியதைக் குறித்துக்கொள்ளுமுன் அந்த நிரல் விழுந்தால் இரண்டாம் மடல் போகக்கூடும். போகாததைவிட அது மேல்.

அஞ்சல் சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணை விடையாகத் தந்தால் தற்காலிகத் தடை. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் முயலலாம். 5-இல் தொடங்கினால் மறுப்பு. மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மனிதர் யாரேனும் பார்த்து அந்த மாணவரை நேரில் தேட வேண்டும்.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 'மடல் அனுப்பப்பட்டது' என்று அந்தப் பக்கம் பொய் சொல்லிற்று. 'உங்கள் பதிவு ஆயிற்று. மடல் வராவிட்டாலும் உங்களுக்கு இடம் உண்டு' என்று எழுதியிருந்தால் தம்பி வந்திருப்பார். அதற்கு ரெடிஸும் வேண்டா, ஒன்றும் வேண்டா.

புதிய செயலியை எழுதிக்கொண்டிருக்கிறேன். தோற்ற மடல்களின் பட்டியலை நாள்தோறும் பார்க்க ஆள் வேண்டும். முறை வைத்துக்கொள்வோம்; முதல் வாரம் நான் பார்க்கிறேன்.