மடிநோய் மருந்தும் சங்கத்துப் பாலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் பாசனப் பிரதேசத்து மாட்டுக்கொட்டகைகள் எந்நிலையில் இருக்குமென்பதை நம் மிராசுதார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தரை உலருவதில்லை, சாணமும் சேறும் கலந்த இடத்திலேயே கறவை மாடு படுக்க நேரிடுகிறது. கறந்தபின் காம்பின் துவாரம் மூடிக்கொள்ளச் சிறிது நேரம் செல்லுமாதலால், அதற்குள் மாடு படுத்துவிட்டால் கிருமிகள் எளிதில் உட்புகுகின்றன. மடி வீங்கிக் கடினப்படுகிறது. பால் திரிதிரியாக வருகிறது. உம்பளச்சேரிப் பசுவைக் காட்டிலும், மிகுதியாகப் பால் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கே இத்தொல்லை அதிகம்.

பென்சிலின் முதலிய மருந்துகள் இந்நோயைத் தணிப்பது உண்மையே. அவற்றை அறவே விலக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயமன்று. ஊசி எவரால் போடப்படுகிறது, எத்தனை நாள் போடப்படுகிறது, அந்நாட்களில் கறந்த பால் எங்கே செல்கிறது என்பனவே கவனிக்கற்பாலன. முதல் ஊசியில் வீக்கம் வற்றியதும், செலவுக்கு அஞ்சி மறு ஊசியை நிறுத்திவிடுவது ஊரெங்கும் காணும் வழக்கம். அதனால் பலமற்ற கிருமிகள் மாண்டு, மருந்தைத் தாங்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. 1928-ஆம் ஆண்டில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பவரே, 1945-ல் நோபெல் பரிசுச் சொற்பொழிவில், போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்கு அடங்காமற் போகுமென்று எச்சரித்தார். அவ்வாறு மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனரென்று ஆராய்ச்சியாளர்கள் கணித்துள்ளனர்.

பாலைக் காய்ச்சிவிட்டால் தோஷம் நீங்கிவிடும் என்பார் பலர். பால் பண்ணைகளில் பாலை 72 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 15 விநாடி வைத்துக் குளிர்விக்கிறார்கள். நோய்க்கிருமிகள் இதனால் மடிகின்றன; ஆனால் பாலில் கலந்த மருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அத்தகைய பாலில் உறை ஊற்றினால் தயிர் சரிவரத் தோய்வதில்லை. உறையிலுள்ள நற்கிருமிகளையும் மருந்து தடுத்துவிடுகிறது. அன்றியும், பண்ணையின் குழாய் இணைப்புகளிலும் ரப்பர் வளையங்களிலும் கிருமிகள் வழுக்கலான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கழுவும் காரநீர் வலுக்குறைந்திருந்தால் அப்படலம் முற்றும் நீங்குவதில்லை. அதனுள் நெருங்கி வாழும் கிருமிகள், மருந்தைத் தாங்கும் தன்மையை ஒன்றுக்கொன்று, வேற்றினத்திற்குங்கூட, அளித்துவிடுகின்றன. காய்ச்சிக் குளிர்வித்த பால் அவ்வழியே செல்லும்போது மீண்டும் கெடுகிறது. ஆகவே பண்ணையார் பொறுப்பும் இதில் சிறிதன்று.

விற்கக்கூடாத பாலைக் கன்றுக்கு ஊட்டிவிடுவதும் தவறேயாகும். கன்றின் குடலில் அடங்காக் கிருமிகள் பெருகிச் சாணத்தின் வழியே எருக்குழிக்கும் வயலுக்கும் போகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. கறவை மாட்டு மருந்துப் புட்டியின்மேல், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டுமென்று அச்சிட வேண்டும். அவ்வாறு குறிக்கப்படாதவிடத்து 7 நாட்களுக்குக் குறையாமல் விலக்க வேண்டுமென்பது 2012-ஆம் ஆண்டு விதி. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள கொலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பது 2019-ல் தடுக்கப்பட்டது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில், 77-ல் மட்டுமே மருந்தின் மிச்சம் வரம்பை மீறியிருந்தது. இதைக் கண்டு ஆறுதலடைவோர் ஒன்றை மறக்கின்றனர். ஒரு பசுவின் பால் நூறு பசுக்களின் பாலோடு கலந்தபின் மருந்தின் அளவு வரம்புக்குள் அடங்கிவிடும். அப்பசுவின் மடியிலே உருவான கிருமி அதனால் இல்லையென்றாகிவிடாது.

பத்து லிட்டர் கறக்கும் பசுவை உடையவர் ஏழு நாள் பாலை விலக்கினால் 70 லிட்டரின் கிரயத்தை இழக்கிறார். தீவனச் செலவோ நிற்பதில்லை. சங்கம் கேட்பதெல்லாம் கொழுப்பும் இதரச் சத்துமே. இந்நிலையில் அவர் ஒன்றும் சொல்லாமல் பாலை ஊற்றிவிட்டால், அவர்மீது மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. விலக்கிய நாட்களின் நஷ்டத்தில் ஒரு பாகத்தையாவது சங்கம் தன் ஆண்டு இலாபத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென்பதே நமது துணிபு. பொய்க்கணக்குக்கு இடமாகும் என்று செயலாளர்கள் ஆட்சேபிக்கக்கூடும். கால்நடை மருத்துவரின் சீட்டு இருந்தாலொழியப் பணமில்லை என்று விதித்துவிட்டால், பொய்க்கு இடம் குறையும். தகுதியற்றோர் ஊசி போடுவதும் கூடவே குறையும்.

நோய் தொடங்கும் நிலையில், தஞ்சாவூரிலேயே கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆய்வு மையத்தார் செம்மைப்படுத்திய முறையைக் கையாளலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, நீரிற் கரைத்து, கழுவிய மடியில் நாளொன்றுக்கு எட்டுப் பத்து தடவை பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்பி வருகிறது. காய்ச்சல் கண்டாலும், பாலில் இரத்தமோ சீழோ வந்தாலும், பூச்சை நம்பிக் காலந்தாழ்த்தலாகாது.

மழைக்கு முன்பு கூடும் சங்கக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கிராம நிர்வாக அலுவலரும் உடனிருப்பது நலம். பதிவேட்டிற்கு நான்கு கலங்களே போதும்: பசுவின் காதுவில்லை எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், பால் மீண்டும் ஊற்றத்தக்க தேதி.